மாநாட்டுப் பிரதிநிதி என்றால் கை தூக்கிவிட்டு வருகிறவரா?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் லூத்தரன் சபையிலிருந்து பொது மாநாட்டுக்கு என்னை விசுவாசிகள் பிரதிநிதியாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். நான் வயல் செய்கிறவன், வேதம் படித்தவன் இல்லை. போதகர் ஐயாமார் முன்னமே முடிவெடுத்துவிட்டதற்குக் கை தூக்கிவிட்டு வருவதைத் தவிர அங்கே எனக்கு என்ன வேலை?”

தம்பி, உங்களுடைய சந்தேகம் முழுக்கப் பிழையானது என்று சொல்ல மாட்டேன். கை தூக்குவதோடு முடிந்துபோன கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் போதகராக நான் முதல்முதல் பிரதிநிதியாகப் போனபோது எனக்கு வழி காட்டியவர் வேதம் படித்தவர் இல்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். ஆகையால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2012. யுத்தம் முடிந்து நாங்கள் வன்னியில் மீளக் குடியேறி அதிக காலம் ஆகவில்லை. கிளிநொச்சிக்கு ரயில் இன்னும் வரவில்லை, அது வந்தது அடுத்த வருடம் செப்டெம்பரில். எங்கள் ஆலயம் என்பது நாலு பக்கமும் பாதிச் சுவர், மேலே பழைய தகரம். சன்னத் துளைகள் இருந்த தகரங்களை ஆட்கள் தாரும் துணியும் வைத்து அடைத்திருந்தார்கள். மாரியில் அந்தத் தார் இளகாது, ஆனால் துணி ஊறும். பிரசங்கம் பண்ணும்போது வேதப் புத்தகத்தை இடம் மாற்றி மாற்றி வைப்பேன்.

நான் புறப்படுவதற்கு முதல் ஞாயிறு, சபையார் ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிக் கொடுத்தார்கள். கூரைத் தகரம். குழாய்க் கிணற்றுக்கு ஒரு கைப்பம்பி. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகம். உபதேசியாருக்கு ஒரு சைக்கிள். ஒற்றையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார் ஓர் ஆச்சி. “ஐயா, மறந்திடாதேங்கோ, முதல் தகரம்.” சபைக்கு மாநாடு என்றால் அது அவ்வளவுதான்: போகிறவர் கேட்பார், அங்கே உள்ளவர்கள் கொடுப்பார்கள். நிறுவனங்கள் வந்து பெயர் பதிந்து தறப்பாள் கொடுத்த காலம் அது, வேறு எப்படி நினைப்பார்கள்?

காலை பஸ். முறிகண்டியில் எல்லா பஸ்ஸும் நிற்கும்தானே, சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். நான் இறங்கிக் கச்சான் வாங்கினேன், இரண்டு பெரிய பை. அந்தக் கச்சானுக்குப் பிறகு ஒரு வேலை இருந்தது, சொல்கிறேன். வவுனியாவில் மாறி, கண்டியில் மாறி, மலைக்கு ஏறும்போது இருட்டிவிட்டது. என்னிடம் குளிருடுப்பு இல்லை. கடன் வாங்கிய ஸ்வெட்டர் ஒன்று, கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும்.

எந்தச் சபையின் மாநாடு என்று சொல்லப்போவதில்லை, இப்போது சொல்லப்போவது குறை. முதல் இரவுதான் தீர்மானங்களின் கட்டு கையில் தந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட பக்கம். முழுவதும் ஆங்கிலம். தோட்டங்களிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த விசுவாசிகள் பிரதிநிதிகளில் பாதிப்பேருக்கு மேல் அதை வாசிக்க இயலாது. மறுநாள் காலை ஒருவர் மேடையிலிருந்து ‘சுருக்கமாகத் தமிழில்’ சொன்னார். சுருக்கம் என்றால் எவ்வளவு சுருக்கம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பக்கத்துக்கு ஒரு வசனம்.

எனக்கு அன்று வந்த கோபம் சும்மா வந்ததல்ல. நம்முடைய சபையின் பிறப்புச் சான்று மாதிரியான ஒன்று இருக்கிறது, அவுஸ்பர்க் விசுவாச அறிக்கை. 1530 ஜூன் 25, பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் முன்னால் வாசிக்கப்பட்டது. பேரரசர் லத்தீனில் வாசிக்கச் சொன்னார். சாக்சனி சிற்றரசர் யோவான், ஜெர்மன் மண்ணில் நிற்கிறோம், ஜெர்மன் மொழியில் வாசிக்க விடுங்கள் என்று கேட்டு நின்றார். கிறிஸ்தியான் பேயர் என்ற அவருடைய அதிகாரி ஜெர்மன் மொழியில் வாசித்தார், ஏறக்குறைய இரண்டு மணி நேரம், முற்றத்தில் நின்ற சனத்துக்கும் கேட்கும்படி சத்தமாக. தமிழுக்கு வாருங்கள்: லூத்தரன் மிசனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, பத்து வருடம் ஆவதற்குள், 1715இல், தமிழில் முழுப் புதிய ஏற்பாட்டையும் அச்சடித்து முடித்துவிட்டார். அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த நாங்கள் தமிழ்ச் சனத்தின் கையில் ஆங்கிலக் கட்டைக் கொடுத்து வாக்குக் கேட்பதா?

அந்த அறிக்கையைப் பற்றி இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நான் வேதம் படித்தவன் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா. அந்த அறிக்கையை எழுதியவர் மெலாங்தன், பெரிய படிப்பாளி. லூத்தர் அங்கே இல்லவே இல்லை. அவர் மீது தடை இருந்தபடியால் கோபுர்க் கோட்டையில் தங்கி, கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். சரி, அதில் கையொப்பம் போட்டது யார்? ஒரு போதகரும் இல்லை, ஒரு வேத பண்டிதரும் இல்லை. சில சிற்றரசர்களும், நியூரம்பர்க், ரொய்ட்லிங்கன் என்ற இரண்டு நகரங்களின் மன்றங்களும். எல்லாரும் விசுவாசிகள் வரிசையில் இருந்தவர்கள். தலை போகக்கூடிய காகிதத்தில் கை வைத்தவர்கள் அவர்கள்தான். ஆகையால் உங்கள் கதிரை நேற்றுப் போட்டதல்ல.

இன்றைக்கும் அந்த வழக்கம் சட்டமாக இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி சினோடு என்ற லூத்தரன் திருச்சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் சிகாகோவில் தொடங்கியது, முதல் தலைவர் வால்தர். 1895இல் கிருஷ்ணகிரிக்கு மிசனரிமாரை அனுப்பித் தமிழ்நாட்டில் வேலை தொடங்கியதும் அவர்கள்தான். அவர்களுடைய பொது மாநாடு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. அயலிலுள்ள சபைகள் சேர்ந்து ஒரு தொகுதி, தொகுதிக்கு ஒரு போதகர், ஒரு விசுவாசி. சரிக்குச் சரி. போதகருக்கும் ஒரு வாக்கு, விவசாயிக்கும் ஒரு வாக்கு.

அவர்களுடைய யாப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இரண்டு. ஒன்று, உபதேசமும் மனச்சாட்சியும் சம்பந்தப்பட்டவை தேவனுடைய வார்த்தையால் மட்டுமே தீர்க்கப்படும், மற்றவை எல்லாம் பெரும்பான்மை வாக்கால் தீர்க்கப்படும். இரண்டு, சபை தன்னைத்தானே நடத்தும் உரிமை விடயத்தில் சினோடு ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே. ஒரு தீர்மானம் வேதத்துக்கு ஒவ்வாவிட்டாலோ, ஒரு சபையின் நிலைமைக்குப் பொருந்தாவிட்டாலோ அது அந்தச் சபையைக் கட்டாது. காகிதத்தில் இது அழகு. நடைமுறையில் எது உபதேசம், எது ‘மற்றவை’ என்பதிலேயே பாதிச் சண்டை. 1973இல் நியூ ஓர்லியன்ஸ் மாநாட்டில் ஓர் உபதேச அறிக்கையை 562க்கு 455 என்று வாக்கெடுத்து ஏற்றார்கள். அடுத்த பெப்ரவரியில் அவர்களுடைய செயின்ட் லூயிஸ் குருத்துவக் கல்லூரியிலிருந்து பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் வெளியே நடந்தார்கள். எண்ணிக்கையில் வென்ற பக்கம் சரியா, வெளியே போன பக்கம் சரியா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். 455 பேர் எதிர்த்து நிற்கும் இடத்தில் வாக்கு எண்ணினால் கணக்குத்தான் முடியும், காரியம் முடியாது என்பது என் எண்ணம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு பிரேரணை வந்தது. சிறிய சபைகளின் கட்டடம் திருத்துவதற்குப் பொது நிதியிலிருந்து ஒரு பங்கு ஒதுக்குவது. எனக்குக் கை குறுகுறுத்தது. சட்டைப் பையில் ‘முதல் தகரம்’. ஒருவர் எழும்பி ஒரு திருத்தம் சொன்னார், ஆங்கிலத்தில், வேகமாக. இன்னொருவர் ஆமோதித்தார். தலைவர் ‘ஆதரிப்பவர்கள்’ என்றார். நான் வாக்கு அட்டையை உயர்த்தினேன், நல்ல உயரமாக. சிறிய வித்தியாசத்தில் வென்றது. எனக்கு ஒரே சந்தோசம்.

தேநீர் இடைவேளையில்தான் தெரிந்தது. நான் வாக்களித்தது பிரேரணைக்கல்ல, திருத்தத்துக்கு. அந்தத் திருத்தம், ‘ஐம்பது குடும்பங்களுக்குக் குறையாத சபைகளுக்கு மட்டும்’ என்று சொல்கிறது. எங்கள் சபையில் முப்பத்துச் சொச்சம் குடும்பம். என் கையாலேயே எங்கள் கூரையைக் கழற்றிவிட்டேன்.

இந்த இடத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்குத்தான் வாக்கு. அது வென்றாலும் தோற்றாலும், பிறகுதான் மூலப் பிரேரணைக்கு வாக்கு. ஒரே விடயத்துக்கு இரண்டு தடவை கை தூக்குகிறார்கள் என்று தோன்றும், ஆனால் இரண்டும் வேறு. விளங்காவிட்டால் எழும்பி, “தலைவர் அவர்களே, இப்போது எதற்கு வாக்கெடுக்கிறோம் என்று தமிழில் சொல்லுங்கள்” என்று கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை, வெட்கம் இல்லை. நான் அன்று வெட்கப்பட்டேன்.

மண்டபத்துக்கு வெளியே படியில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து இருந்தார். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஓய்ந்தவர். பையை நீட்டினேன். ஒரு பிடி எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “ஐயா, அப்ப நீங்கதான் சரியான ஆளு” என்றார். “தோத்தவங்க மறுபடி எடுங்கன்னு கேட்டா செல்லாது. ஜெயிச்ச பக்கம் கை தூக்குன ஒருத்தர்தான் கேட்கணும். நாளைக்குள்ள கேட்கணும். நீங்க கேளுங்க, நான் ஆமோதிக்கிறேன்.”

உண்மைதான். பல மாநாடுகள் பின்பற்றும் கூட்ட விதிகளில் மறுபரிசீலனைப் பிரேரணை என்று ஒன்று இருக்கிறது. அதை வென்ற பக்கத்தில் வாக்களித்தவர் மட்டுமே கொண்டுவரலாம், அன்றோ அடுத்த அமர்வு நாளோ கொண்டுவர வேண்டும். ஆமோதிப்பது யாராகவும் இருக்கலாம். தோற்றவர்கள் திரும்பத் திரும்ப எழும்பிக் கூட்டத்தை இழுக்காமலிருக்க வைத்த விதி அது. பிழையாகக் கை தூக்கிய ஒரு வன்னிப் போதகருக்கு உதவும் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை எழும்பினேன். குளிரோ பயமோ தெரியாது, முழங்கால் ஆடியது. பிழையாக விளங்கி வாக்களித்தேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன், தமிழில். ஒரு சிரிப்புச் சத்தம். பெரியவர் ஆமோதித்தார். மீண்டும் விவாதம். அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர், எங்களைப் போன்ற சபைகள் இருப்பது தெரியாமலே அதை எழுதினேன் என்று தாமாகவே சொன்னார். கெட்ட மனிதர் அல்ல, நகரத்தவர், அவ்வளவுதான். திருத்தம் தோற்றது. மூலப் பிரேரணை வென்றது.

இங்கே நிறுத்தினால் நான் ஏதோ பெரிய வீரன் போலத் தெரியும். அடுத்த விடயத்தையும் சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் ஒதுக்கீட்டைப் பிரிப்பது பற்றிப் பேசும்போது, நான் திரும்ப எழும்பி எங்கள் சபையின் தகரக் கணக்கை வாசிக்கத் தொடங்கினேன். பெரியவர் என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து இருத்தினார். “எங்க லயத்துக் கோயிலும் ஒழுகுது, ஐயா.” அவ்வளவுதான் சொன்னார். நான் இருந்துவிட்டேன்.

நீங்கள் வயல் செய்கிறவர், இது உங்களுக்கு என்னைவிட நன்றாக விளங்கும். இரணைமடுவில் சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று அதிகாரிமாரும் கமக்காரர் அமைப்புப் பிரதிநிதிகளும் இருந்து முடிவெடுக்கிற கூட்டம். தன் வாய்க்காலைப் பற்றியே கத்துகிற பிரதிநிதி ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருடைய ஆட்கள் அவரைக் கெட்டிக்காரன் என்பார்கள். ஆனால் குளத்துத் தண்ணீர் கணக்குக்கு மேல் இறங்கிவிட்டால் கடைசியில் அவருடைய வாய்க்காலிலும் கதிர் பதராகும். திருச்சபை மாநாட்டில் பிரதிநிதி என்பவர் குளத்தைப் பார்த்து வாக்களிக்க வேண்டியவர். தன் வாய்க்கால் காய்கிறது என்பதை மறைக்கக் கூடாது, அதைச் சொல்வதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. சொல்லிவிட்டு மற்றவரின் வாய்க்காலையும் கேட்க வேண்டும். கேட்டபின் மனம் மாறினால் மாறியபடி வாக்களிக்கலாம். ஊரில் முடிவெடுத்து அனுப்பியதை அங்கே ஒப்புவிப்பதுதான் வேலை என்றால், எங்களை அனுப்பாமல் ஒரு கடிதத்தை அனுப்பியிருக்கலாமே.

ஒரு வாக்கில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2009 ஓகஸ்ட், மினியாபோலிஸ், அமெரிக்காவின் இன்னொரு பெரிய லூத்தரன் சபையின் மாநாடு. மனிதப் பாலுறவு பற்றிய ஓர் அறிக்கை, நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு தேவை. ஆதரவு 676, எதிர்ப்பு 338. கூட்டிப் பாருங்கள், 1014. அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியாக 676. ஒருவர் மனம் மாறியிருந்தால் தோற்றிருக்கும். அன்று பகல் அந்த நகரத்தில் சுழல்காற்று வீசி, பக்கத்து லூத்தரன் ஆலயத்தின் கோபுரம் சேதமானது. இரண்டு பக்கத்தாரும் அதற்கு ஆளுக்கொரு வியாக்கியானம் சொன்னார்கள். எனக்கு அந்த வியாக்கியானங்களில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரில் 2004இல் கடல் வந்தபோதும் இப்படித்தான் பலபேர் பலது சொன்னார்கள்.

தீர்மானம் வெறும் காகிதம் என்பதும் எப்போதும் சரியல்ல. 1977இல் தாருஸ்ஸலாமில் லூத்தரன் உலக சம்மேளனத்தின் பேரவை கூடியபோது, தென்னாபிரிக்காவின் நிறவெறியை எதிர்ப்பது அரசியல் விருப்பு வெறுப்பு அல்ல, விசுவாசத்தோடு சம்பந்தப்பட்டது என்று தீர்மானித்தார்கள். ஏழு வருடம் கழித்து, 1984இல் புடாபெஸ்டில், கேளாத இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தார்கள். அந்த 1984 பேரவையிலிருந்துதான் பெண்களுக்கும் இளையோருக்கும் பங்கு வைக்கும் வழக்கமும் வந்தது: நாற்பது வீதம் பெண்கள், நாற்பது வீதம் ஆண்கள், இருபது வீதம் இளையோர். யுத்தத்துக்குப் பிறகு வன்னிச் சபைகளில் ஞாயிறு காலையில் பாய் விரித்திருப்பது யார் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள், அதிலும் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். மாநாட்டுக்குப் போகிறது யார்? நான், பிறகு நீங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி. அடுத்த முறை தெரிவு நடக்கும்போது ஒரு பெண்ணின் பெயரை நீங்களே முன்மொழிந்தால் நல்லது.

இனி, திரும்பி வந்த கதை. உண்மையில் கஷ்டமான பகுதி அதுதான், ஆனால் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. மிசூரிக்காரரின் விதிப்படி பிரதிநிதியின் பொறுப்பு மாநாடு முடிந்ததோடு முடிவதில்லை. அடுத்த மாநாடு வரைக்கும் மூன்று வருடம், தீர்மானங்களைச் சபைகளுக்கு எடுத்துச் சொல்லி நடைமுறைப்படுத்த உதவ வேண்டியவர் அவர். எங்களிடம் அப்படி எழுதப்படவில்லை. நான் வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வேம்புக்குக் கீழே எல்லாரையும் இருத்தி, பதினான்கு தீர்மானத்தையும் இலக்கமிட்டு வாசித்தேன். நாலாவதில் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். ஏழாவதில் இரண்டு பேர் நித்திரை. முடித்தபோது ஆச்சி கேட்டார்: “அப்ப தகரம் என்ன மாதிரி ஐயா?”

ஒதுக்கீடு நிறைவேறியிருக்கிறது, எங்களுக்கும் வரும், ஆனால் வரிசையில் எங்களுக்கு முன்னால் மூன்று தோட்டச் சபைகள் இருக்கின்றன, அந்த வரிசைக்கு நானும் கை தூக்கினேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. ஆச்சி, “அங்கயும் ஒழுகுதாமோ?” என்று கேட்டார். ஒழுகுது என்றேன். “மலையில மழை கூடத்தானே” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பினார். வேறு சிலர் அவ்வளவு இலேசாக விடவில்லை. ஒருவர் அடுத்த இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தகரம் அடுத்த வருடக் கடைசியில்தான் வந்தது, மாரி தொடங்கியபிறகு.

அடுத்த முறை போய் வந்தபோது மூன்றே விடயம் சொன்னேன்: எங்களைத் தொடுகிற தீர்மானம் எது, அதற்கு நான் எப்படி வாக்களித்தேன், ஏன். ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. சண்டை பிடித்தார்கள், அது நல்லது.

உங்களுக்குச் செய்முறையாக ஒன்றிரண்டு. தீர்மானக் கட்டை முன்கூட்டியே தமிழில் கேட்டு இப்போதே கடிதம் எழுதுங்கள், சபைச் செயலாளரின் கையொப்பத்தோடு. நான் இரண்டாம் முறை அப்படி எழுதினேன், கிடைத்தது. முழுவதும் அல்ல, பாதி. வந்ததும் பேனையோடு இருந்து, விளங்காத இடங்களில் கோடு போட்டு, உங்கள் போதகரிடம் கேளுங்கள். அவர் எப்படி வாக்களிக்கப் போகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்கு ஒரு வாக்கு, அவருக்கு ஒரு வாக்கு. இரவில் நேரத்துக்குப் படுங்கள், முக்கியமான வாக்கெடுப்புகள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில்தான் வரும். முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று தேடுங்கள். என்னுடையதைத் தரலாம், அதன் கைதான் கட்டை. முறிகண்டியில் கச்சானை ஒரு பையோடு நிறுத்தாதீர்கள், இரண்டாவது பை பக்கத்துக் கதிரைக்காரருக்கு.